இலையில் பரிமாறவா, பார்சல் கட்டவா? – இணையதளத்து ஃபைல் நம் கைக்கு வரும் வழி



இப்போதெல்லாம் நம் குழு வேலையில் பாதி போனில்தான் நடக்கிறது. வங்கிக் கடன் விண்ணப்பம், ஆதார் நகல், பட்டா, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் என்று எதைக் கேட்டாலும், "இணையதளத்தில் இருக்கு, டவுன்லோட் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். நாமும் பண்ணுகிறோம். அதற்குப் பிறகுதான் குழப்பமே ஆரம்பிக்கிறது.

மாதக் கூட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது:

"அமுக்கினதும் படிவம் திறந்து காட்டுச்சு. மூடினதும் காணோம்."

"இன்னொரு தளத்துல அமுக்கினேன். ஒண்ணுமே காட்டல. ஆனா இறங்கிடுச்சுன்னு சொல்லுது. எங்கே இறங்குச்சு?"

"ஒரே படிவம் நாலு தடவை இறங்கிக் கிடக்கு. இதுல எதைக் கொடுக்கிறது?"

இது நம் படிப்புக் குறைவால் வரும் குழப்பம் இல்லை. பட்டம் படித்தவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். உள்ளே நடப்பது என்ன என்று யாரும் சொல்லித் தராததுதான் காரணம். குழுக் கணக்கை நாமே எழுதப் பழகிய பிறகு யாரும் நம்மை ஏமாற்ற முடியவில்லை அல்லவா? இதுவும் அப்படித்தான். நடப்பது புரிந்தால் பயம் போகும், ஏமாற்றும் குறையும்.

சர்வர் கேட்கும் கேள்வி

ஓட்டலுக்குப் போகிறோம். சர்வர் வந்து, "இங்கேயே சாப்பிடுறீங்களா, பார்சலா?" என்று கேட்கிறார். இங்கேயே என்றால் இலை போட்டுப் பரிமாறுவார். பார்சல் என்றால் கட்டிக் கையில் கொடுப்பார். பண்டம் ஒன்றுதான். கொடுக்கும் விதம்தான் வேறு.

இணையத்திலும் இதே கதைதான். இணையதளத்தின் ஃபைல்களை வைத்திருந்து, கேட்பவருக்கு எடுத்துக் கொடுக்கும் கணினிக்கும் சர்வர் என்றுதான் பெயர். நம் போனிலோ கணினியிலோ இணையதளத்தைத் திறந்து காட்டும் செயலிக்குப் பிரவுசர் என்று பெயர். க்ரோம், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாம் பிரவுசர்கள்.

நாம் ஒரு இணைப்பைத் தொட்டதும், பிரவுசர் போய் சர்வரிடம் அந்த ஃபைலைக் கேட்கிறது. சர்வர் ஃபைலை மட்டும் அனுப்பாது. முன்னால் ஒரு சிறு சீட்டையும் சேர்த்து அனுப்பும். அந்தச் சீட்டு நம் கண்ணில் படாது. பிரவுசர் மட்டும் படிக்கும். அதில் நமக்கு முக்கியமானவை மூன்று விஷயங்கள்.

1. இது என்ன வகைப் பண்டம்? படமா, பிடிஎஃப் படிவமா, பாட்டா என்று எழுதியிருக்கும். வகை தெரியாவிட்டால் "வெறும் மூட்டை" என்ற பொருளில் ஒரு பொதுப் பெயர் இருக்கும்.

2. இலையிலா, பார்சலா? "இன்லைன்" என்று இருந்தால் பிரவுசருக்குள்ளேயே திறந்து காட்டு என்று அர்த்தம். "அட்டாச்மென்ட்" என்று இருந்தால் காட்டாதே, இறக்கிச் சேமி என்று அர்த்தம்.

3. பார்சல் என்றால் அதன் மேல் என்ன பெயர் எழுதுவது? ஃபைலுக்கு இந்தப் பெயர் வை என்று சர்வர் சொல்லலாம்.

இலையா பார்சலா என்று சொல்லும் இந்த வரிக்கு "கன்டென்ட் டிஸ்போசிஷன்" என்று பெயர். முதலில் மின்னஞ்சலோடு வரும் இணைப்புகளுக்காக 1990-களில் இதை உருவாக்கினார்கள். இணையதளங்களுக்கு இது எப்படி இருக்க வேண்டும் என்ற விதியைத் தனியாக 2011-இல் வகுத்தார்கள். பெயரை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இப்படி ஒரு சீட்டு இருக்கிறது என்று தெரிந்தால் போதும். ஒரு தளத்தில் படிவம் திறந்து காட்டுவதும், இன்னொரு தளத்தில் சத்தமில்லாமல் இறங்கிவிடுவதும் பெரும்பாலும் இந்தச் சீட்டினால்தான்.

பிரவுசருக்கும் ஒரு புத்தி உண்டு

சீட்டில் ஒன்றும் எழுதாமல் அனுப்பும் சர்வர்களும் நிறைய உண்டு. அப்போது பிரவுசர் தானே முடிவு செய்யும். தனக்குத் திறக்கத் தெரிந்த பண்டமாக இருந்தால் திறந்து காட்டும். தெரியாததாக இருந்தால் இறக்கி வைத்துவிடும். படம் என்றால் எல்லாப் பிரவுசரும் காட்டும். எக்செல் கணக்குத்தாள், வேர்ட் கடிதம், ஜிப் மூட்டை என்றால் பொதுவாக இறக்கிவிடும். பிடிஎஃப் படிவத்தைக் கணினியில் உள்ள பிரவுசர்கள் தாமே திறந்து காட்டும். போனில் இது போனுக்குப் போன் மாறும். அதனால்தான் ஒரே படிவம் ஒரு அக்கா போனில் திறக்கிறது, பக்கத்து அக்கா போனில் இறங்குகிறது. இரண்டு பேருமே சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். படிவம் கண்ணுக்குத் தெரிந்தது என்பதற்காக அது நம் கையில் வந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. இலையில் பரிமாறியதை வீட்டுக்குக் கொண்டு போக முடியாது. மூடினால் போச்சு. வேண்டுமென்றால், திறந்திருக்கும்போதே மேலே கீழ்நோக்கிய அம்புக்குறி இருக்கும், அதை அமுக்கிச் சேமிக்க வேண்டும். கணினியாக இருந்தால் கன்ட்ரோல் பட்டனோடு எஸ் எழுத்தைச் சேர்த்து அமுக்கலாம்.

சாவி நம் இடுப்பில்தான்

சர்வர் என்ன பெயர் வைக்கலாம் என்று சொல்லலாம். ஆனால் நம் வீட்டில் எந்தப் பீரோவில் வைப்பது என்று அது சொல்ல முடியாது. எந்த இடத்தில் வைப்பது என்பது நம் பிரவுசர் அமைப்பைப் பொறுத்தது. அதை மாற்றும் உரிமை நமக்கு இருக்கிறது. நாம் ஒன்றும் மாற்றாவிட்டால், "டவுன்லோட்ஸ்" என்ற அறையில் போய் எல்லாம் குவியும்.

போனில்: க்ரோமைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொடுங்கள். "பதிவிறக்கங்கள்" என்பதைத் தொட்டால் இதுவரை க்ரோமில் இறக்கியவை வரிசையாகத் தெரியும். "எங்கே போச்சு?" என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. போனிலேயே "ஃபைல்ஸ்" என்ற செயலி இருந்தால் அதில் டவுன்லோட்ஸ் என்பதைத் திறந்தும் பார்க்கலாம்.

அதே மூன்று புள்ளியில் "அமைப்புகள்" போய், "பதிவிறக்கங்கள்" என்பதில், சேமிக்கும் முன் எங்கே என்று கேட்கும்படி வைக்கலாம். அப்படி வைத்துவிட்டால் பிரவுசர் இறக்குவதற்கு முன் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கும். வீட்டுக்குள் ஒரு பொருள் வருவதற்கு முன் வீட்டுக்காரியைக் கேட்பதுதானே முறை!

கணினியில்: க்ரோமின் அமைப்புகளில் இதே கேள்வியை வைக்கலாம். பிடிஎஃப் படிவத்தைத் திறந்து காட்டவா, நேரே இறக்கவா என்பதையும் அங்கேயே மாற்றலாம். ஃபயர்ஃபாக்ஸ் 2022 மார்ச் வரை பல ஃபைல்களுக்கு "திறக்கவா, சேமிக்கவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு கேட்காமலே இறக்கும்படி மாற்றிவிட்டார்கள். மறுபடி கேட்க வைக்க அமைப்புகளில் வழி உண்டு. கணினி க்ரோமில் இறங்கும் ஃபைல் முன்பெல்லாம் கீழே ஒரு பட்டையில் தெரியும். 2023-இல் அதை மேலே வலது மூலைக்கு மாற்றினார்கள். "கீழே காணோமே" என்று தேட வேண்டாம். கன்ட்ரோலோடு ஜே எழுத்தை அமுக்கினால் இறக்கியவை எல்லாம் பட்டியலாக வரும்.

ஒரு இணையதளம் "பல ஃபைல்களை இறக்க அனுமதி" என்று கேட்டால் யோசியுங்கள். நாம் கேட்டது ஒரே படிவம். அது ஏன் பலவற்றை இறக்க வேண்டும்? காரணம் தெரியாவிட்டால் "தடு" என்பதையே தொடுங்கள்.

ஒரே படிவம் நான்கு தடவை ஏன்?

இறங்கினது தெரியாமல் மறுபடி மறுபடி அமுக்குகிறோம். பிரவுசர் பழையதை அழிக்காது. அதே பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியில் 1, 2, 3 என்று போட்டுப் புதிதாக வைக்கும். சில நேரம் நான்கும் ஒன்றுதான். ஆனால் இடையில் அலுவலகத்தில் படிவத்தை மாற்றியிருந்தால், பழையது ஒன்று, புதியது ஒன்று என்று கலந்திருக்கும். பழைய படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தால் விண்ணப்பம் திரும்பி வரும். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் வீண்.

அதனால் இறக்கினதும் பெயரை மாற்றிவிடுங்கள். என்ன படிவம், எந்தத் தேதி என்று இரண்டும் பெயரில் இருக்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் தேதி போடாமல் எழுதுவோமா? அதே ஒழுங்கு இங்கேயும் வேண்டும். பெயரை மாற்றும்போது கடைசியில் புள்ளிக்குப் பின்னால் உள்ள எழுத்துகளை மட்டும் தொடாதீர்கள். அது என்ன வகை ஃபைல் என்பதைச் சொல்லும் எழுத்து.

பிரவுசிங் சென்டரில் விட்டு வருவது என்ன?

பிரின்ட் எடுக்க வேண்டுமென்று சென்டருக்குப் போகிறோம். நம் ஆதாரை அங்குள்ள கணினியில் இறக்குகிறோம். பிரின்ட் வாங்கிக்கொண்டு, காசு கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். இறக்கின ஃபைல்? அது அந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் அறையிலேயே கிடக்கிறது. அடுத்து வருபவர் யாரும் திறக்கலாம்.

"ஆதார் ஃபைலுக்குத்தான் பாஸ்வேர்ட் இருக்கே" என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது. ஆனால் அது என்ன? ஆங்கிலத்தில் நம் பெயரின் முதல் நான்கு பெரிய எழுத்துகள், கூடவே பிறந்த ஆண்டு. நம்மைத் தெரிந்த யாருக்கும் இது ஒரு நிமிட வேலை. பூட்டு இருந்தும் சாவி வாசற்படியில் இருப்பது போலத்தான். பொதுக் கணினியில் ஆதாரை இறக்க வேண்டாம், இறக்கினால் மறக்காமல் அழித்துவிடுங்கள் என்று ஆதார் ஆணையமே அறிவுறுத்துகிறது.

இதில் மூன்று விஷயங்களைத் தெரிந்து வைத்துக்கொள்வோம்.

முதலாவது, பிரவுசரின் பட்டியலில் இருந்து பெயரை நீக்கினால் பட்டியலில் இருந்துதான் போகும். ஃபைல் கணினியிலேயே இருக்கலாம். பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டால் பெட்டியில் உள்ள பொருள் காணாமல் போகுமா?

இரண்டாவது, மறைநிலை என்று ஒன்று உண்டு. இன்காக்னிட்டோ என்பார்கள். அதில் பார்த்தால் எந்தெந்தத் தளம் பார்த்தோம் என்ற வரலாறு அந்தப் பிரவுசரில் நிற்காது, உண்மைதான். ஆனால் இறக்கின ஃபைல் அழியாது. அப்படியேதான் இருக்கும்.

மூன்றாவது, அழித்த ஃபைல் முதலில் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். அங்கே இருந்து யாரும் திரும்ப எடுக்கலாம். விண்டோஸ் கணினியில் ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே டெலீட் அமுக்கினால் குப்பைத்தொட்டிக்குப் போகாமல் நேரே அழியும்.

நமக்குச் செய்யத் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். "தம்பி, என் ஃபைலை அழிச்சிட்டுக் காட்டுப்பா" என்று நின்று கேளுங்கள். பணத்தை எண்ணி வாங்குகிறவர்கள் நாம். இதையும் பார்த்துவிட்டே கிளம்புவோம்.

பார்சலுக்குள்ளே பாம்பு

இதுவரை சொன்னது தொந்தரவு. இனிச் சொல்வது ஆபத்து.

ஆண்ட்ராய்ட் போனில் ஒரு செயலியை நிறுவப் பயன்படும் ஃபைல், புள்ளிக்குப் பின்னால் ஏ, பி, கே என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் முடியும். இது படிவம் இல்லை. காகிதமும் இல்லை. நம் வீட்டுக்குள் குடியேற வரும் ஆள். நிறுவிவிட்டு அது கேட்கும் அனுமதியை எல்லாம் கொடுத்தால், நமக்கு வரும் எஸ்எம்எஸ், அதில் உள்ள ஓடிபி எண், போனில் உள்ள தொடர்பு எண்கள் எல்லாம் அதன் கண்ணில் படும்.

மோசடிக்காரர்கள் இதைத்தான் அனுப்புகிறார்கள். போக்குவரத்து அபராதம் என்றும், அரசு உதவித்தொகை என்றும், வங்கிக் கணக்கு முடக்கப்படும் என்றும் செய்தி வரும். கீழே ஒரு ஃபைல் அல்லது இணைப்பு இருக்கும். பெயர் பார்த்தால் படிவம் மாதிரியே இருக்கும். நடுவில் பிடிஎஃப் என்றுகூட எழுதியிருப்பார்கள். பெயரின் நடுவில் என்ன இருந்தாலும் நம்பாதீர்கள். கடைசிப் புள்ளிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் கணினியில் இந்தக் கடைசி எழுத்துகளை வழக்கமாக மறைத்தே வைத்திருக்கும். அதனால் அங்கே இன்னும் கவனம் வேண்டும்.

கடன் தருகிறோம் என்று வரும் செயலிகள் விஷயத்தில் நமக்கு ரொம்பவே கவனம் தேவை. ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு 2021 நவம்பரில் ஒரு அறிக்கை கொடுத்தது. 80-க்கும் மேற்பட்ட செயலிக் கடைகளில் தேடியபோது இந்தியர்களுக்குக் கடன் தருவதாகச் சுமார் 1,100 செயலிகள் கிடைத்தன, அவற்றில் சுமார் 600 சட்டவிரோதமானவை என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். பாதிக்கு மேல்! அவசரத்துக்கு ஐயாயிரம் வேண்டுமென்றால் நம் குழுவில் உள்கடன் கேட்கலாம். கூட்டத்தில் பேசிக் கொடுப்போம். முகம் தெரியாத செயலியிடம் போனையே அடகு வைக்க வேண்டாம்.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொண்டால் பயம் குறையும். இறக்குவது வேறு, திறப்பது வேறு, நிறுவுவது வேறு. ஏபிகே ஃபைல் தவறி இறங்கிவிட்டாலே பணம் போய்விடாது. ஆண்ட்ராய்ட் போன் அதை நிறுவும் முன் "தெரியாத இடத்தில் இருந்து வரும் செயலிக்கு அனுமதி தரவா?" என்ற பொருளில் கேட்கும். அங்கேதான் கடைசிக் கதவு இருக்கிறது. அந்தக் கதவைத் திறக்காமல் வெளியே வந்து ஃபைலை அழித்துவிட்டால் போதும். பிரவுசர் "இந்த ஃபைல் தீங்கு செய்யலாம்" என்று எச்சரித்தால், அவசரத்தில் "பரவாயில்லை" என்பதைத் தொடாதீர்கள்.

நிறுவியே விட்டால்? உடனே போனின் இணையத்தை அணையுங்கள். வேறு போனில் இருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இது நாடு முழுவதற்குமான இணையப் பண மோசடி உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. "வீட்டில் திட்டுவாங்க" என்று மறைத்தால் லாபம் மோசடிக்காரனுக்குத்தான்.

கூட்டமைப்புக்கு இணையதளம் இருந்தால்

சில கூட்டமைப்புகள் சொந்தமாக இணையதளம் வைத்திருக்கின்றன. அங்கே நாம் வாங்குகிற இடத்தில் இல்லை, பரிமாறுகிற இடத்தில் இருக்கிறோம். தளம் அமைத்துத் தருபவரிடம் இதை எல்லாம் கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

சுற்றறிக்கை, செய்திமடல் போன்றவை படிப்பதற்கானவை. அவை இலையில் பரிமாறுவது போல் திறந்து காட்டட்டும். கடன் விண்ணப்பம், காப்பீட்டுப் படிவம் போன்றவை எழுதிக் கொடுப்பதற்கானவை. அவை பார்சலாக, தெளிவான பெயரோடு இறங்கட்டும். "ஸ்கேன் 0012" என்று பெயர் இருந்தால் யாருக்குப் புரியும்? தமிழிலேயே பெயர் வைக்கலாம். 2011-இல் வகுத்த விதியில் அதற்கும் இடம் இருக்கிறது. "தமிழில் வராதும்மா" என்று சொன்னால், வரும் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

உறுப்பினர்கள் தளத்தில் ஏற்றும் ஃபைல்களைப் பார்சலாக மட்டுமே கொடுக்கும்படி வைக்கச் சொல்லுங்கள். யாரோ ஏற்றிய ஃபைல் நம் தளத்துக்குள்ளேயே திறந்தால், அதில் ஒளிந்திருக்கும் கட்டளைகள் நம் தளத்தின் பெயரில் ஓட வாய்ப்பு உண்டு.

எல்லாவற்றையும் விட முக்கியம் ஒன்று. இலையா பார்சலா என்பது கொடுக்கும் விதம்தான். அது பூட்டு இல்லை. "பார்க்க மட்டும்தான் வச்சிருக்கோம், யாரும் எடுக்க முடியாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கண்ணில் காட்டிய எதையும் சேமிக்க முடியும். உறுப்பினர் பெயர், வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் எல்லாம் இருக்கும் பட்டியலைப் பொதுவில் போட்டால், இணைப்புத் தெரிந்த யாரும் எடுக்கலாம். கூகுள் தேடலிலும் அகப்படலாம். அந்தப் பட்டியலில் இருப்பது நம் ஒவ்வொருவரின் உழைப்பும் மானமும். அது தளத்தின் பொதுப் பக்கத்துக்கு வரவே கூடாது என்று தீர்மானம் போடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் செய்து பாருங்கள்

போன் வைத்திருக்கும் சகோதரிகள் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். இளைய உறுப்பினர் ஒருவர் கூட உட்கார்ந்து உதவட்டும்.

1. டவுன்லோட்ஸ் அறையைத் திறந்து, என்னென்ன கிடக்கிறது என்று பாருங்கள். வேண்டாததை அழியுங்கள். போனில் இடமும் கிடைக்கும்.

2. ஏபிகே என்று முடியும் ஃபைல் இருக்கிறதா என்று தேடுங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் திறக்காமல் அழியுங்கள்.

3. எங்கே சேமிப்பது என்று பிரவுசர் கேட்கும்படி அமைப்பை மாற்றுங்கள்.

4. ஒரு படிவத்தை இறக்கி, பெயரும் தேதியும் வைத்துப் பழகுங்கள்.

5. 1930 என்ற எண்ணை ஒவ்வொருவரும் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

போன் இல்லாத சகோதரிகளும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நாளைக்கு சென்டரில் உங்கள் ஆதாரை இறக்கும்போது, பக்கத்தில் நின்று அழிக்கச் சொல்வதற்கு இது உதவும். செய்து பார்த்ததில் புரியாதது இருந்தால் குழுப் பிரதிநிதி மூலம் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் பேசுவோம்.